பற்று நிக்கக்கூடாதா? மாமன் சொல்றபடி செய்!

மாப்ள, மல்லாங்கிணறு கடைவீதியில நீ பட்டறை போடப்போற சேதி காரியாபட்டி வரைக்கும் போயிருச்சு. மோட்டார், மிக்ஸி, பிரிட்ஜ், பாத்திரம், பம்ப்செட் எல்லாத்தையும் ஒரே போர்டுல எழுதி, அடியில ‘எந்த உலோகமும் எந்த உலோகத்தோடும் ஒட்டித்தரப்படும்’னு சிவப்பு பெயின்ட்ல போட்டிருக்கியாமே. பலே! தைரியம்னா இது. கொஞ்சம் அறிவு இருந்திருந்தா வந்திருக்காத தைரியம்.

தாய்மாமன்னா சீர் மட்டும் செஞ்சாப் போதாது, புத்தியும் சொல்லணும். விருதுநகர் எண்ணெய்க் கடைகள்ல டின்னுக்கு ஈயம் வச்ச கை இது. அந்த உரிமையில தொழில் சூட்சுமம் ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிறாதே. நீ வைக்கிற பற்று நின்னுட்டா வந்தவன் மறுபடி வரமாட்டான். விட்டுப்போனாத்தான் திரும்ப வருவான். ஆக, கடை நல்லா ஓடணும்னா பற்று நிக்கவே கூடாது. அதுக்கு என்னென்ன வழி இருக்குன்னு சொல்றேன், காதைக் குடு.

முதல் வழி, ஒரு பேஸ்ட் டப்பா வாங்கு. ஒண்ணே ஒண்ணு. அதையே செம்புக்கும் பூசு, இரும்புக்கும் பூசு, எவர்சில்வருக்கும் பூசு, அலுமினியத்துக்கும் பூசு. ஈயம் உருண்டை உருண்டையா உருண்டு கீழ விழும். ‘ஈயம் சரியில்லை, கலப்படம்’னு சொல்லிரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னதை நம்பின சனம் இதையும் நம்பும்.

நெசம் என்னன்னா, ஈயத்தை ஒட்டவிடாமத் தடுக்கிறது உலோகம் இல்லை, அது மேல இருக்கிற தோல். காத்துபட்ட உலோகத்துமேல ஆக்சைடு படிஞ்சு கிடக்கும். உப்புத்தாள் போட்டுத் தேச்சாலும் சூடு ஏற ஏறத் திரும்ப வளரும். அதைக் கரைச்சு, ஈயம் ஓடி முடியிற வரைக்கும் காத்து படாம மூடிவைக்கிறதுதான் பேஸ்ட்டோட, அதாவது பிளக்ஸோட, வேலை. ஒவ்வொரு உலோகத்துக்கும் தோல் வேற வேற. செம்போட தோல் சாது; பைன் மரத்துப் பிசின்ல செஞ்ச ரோசினே அதை எடுத்துரும். எண்ணெய் டின்னு தகரம்னு சொல்றோமே, அது வெள்ளீயம் பூசின இரும்புத் தகடு. பூச்சு சுத்தமா இருந்தா அதுக்கும் ரோசின் போதும்.

வெறும் இரும்புக்கு ரோசின் பத்தாது. துத்தநாகக் குளோரைடு வேணும், கூட நவச்சாரம் சேர்ந்தா இன்னும் நல்லது. பழைய ஆளுங்க டார்ச் செல்லோட துத்தநாகக் கூட்டை வெட்டி ஆசிட்ல போட்டு, நுரை அடங்குற வரைக்கும் விட்டு, அந்தத் தண்ணியைத்தான் வச்சிருப்பாங்க. கிளம்புற நுரை ஹைட்ரஜன். வாயில பீடியோட அதை எட்டிப் பாக்குறவன் மீசையை வீட்ல வச்சுட்டு வரணும். கால்வனைஸ் தகடு வந்தா இன்னொரு வேடிக்கை: அதுல வெறும் ஆசிட்டைத் தொட்டு வச்சாலே போதும். தகட்டு மேல இருக்கிற துத்தநாகம் ஆசிட்டோட சேந்து தனக்கு வேண்டிய மருந்தைத் தானே காய்ச்சிக்கும். எவர்சில்வருக்கு மேல குரோமியம் ஆக்சைடு. அது லேசுல அசையாது. பாஸ்பாரிக் ஆசிட் சேர்ந்த பிளக்ஸோ, ஆசிட் கூடின துத்தநாகக் குளோரைடோ இருந்தாத்தான் வழிவிடும். இப்படி ஆளுக்கொரு மருந்து இருக்கையில ஒரே டப்பாவை வச்சு வைத்தியம் பாக்குறியே, அதுதான் கெட்டிக்காரத்தனம்.

அடுத்தது ஈயம். கடைக்குப் போனா ‘எது மலிவு?’ன்னு மட்டும் கேளு. அதுல வெள்ளீயம் எவ்வளவு, காரீயம் எவ்வளவுன்னு வாயைத் திறந்து கேட்டிராதே. கேட்டா விவரம் தெரிஞ்சுபோகும். வெள்ளீயம் மட்டும் தனியா உருக 232 டிகிரி ஆகும், காரீயத்துக்கு 327. ரெண்டையும் 63-க்கு 37னு கலந்தா 183 டிகிரியிலயே சட்டுனு உருகி, சட்டுனு உறையும். சர்க்யூட் போர்டு வேலைக்கு அதுதான் சரி. 50-க்கு 50 கலந்தது 183-ல இளக ஆரம்பிச்சு, 210-ஐத் தாண்டித்தான் முழுசா ஓடும். நடுவுல கொழகொழன்னு கிடக்கும். தகர வேலைக்காரனுக்கு அந்தக் கொழகொழப்பு தேவை, இடுக்கை இழைச்சு அடைப்பான். அதையே வயர் பற்றுக்கு வச்சு, உறையறதுக்கு முன்னாடி கையை ஆட்டினா, மேல மங்கிப்போய் உள்ள விரிசல் விட்டு நிக்கும். நீ ஆட்டு. ஆட்டினாத்தானே அடுத்த வாரம் வருவான்.

காரீயமே இல்லாத ஈயமும் இப்ப வருது. 2006-ல ஐரோப்பாவுல எலெக்ட்ரானிக் சாமான்ல காரீயத்துக்குத் தடை போட்டாங்க, அதுல இருந்து உலகத்துல பெரும்பாலும் அதுதான் ஓடுது. வெள்ளீயத்தோட 3 சதவீதம் வெள்ளியும் அரை சதவீதம் செம்பும் சேர்த்தது. உருக 217 டிகிரிக்கு மேல வேணும். பழைய சூட்டுலயே அதையும் ஒட்டிப்பாரு, மேல மட்டும் ஒட்டிக்கிட்டு உள்ள வெறும் கூடா இருக்கும். கஸ்டமருக்கு வெளிய இருந்து பாத்தா தெரியாது. உனக்குச் சாதகம்தான்.

சிவகாசியில பழைய அச்சு எழுத்துகளை யாராவது எடைக்குப் போட்டா, ஈயம் மலிவாக் கிடைச்சதுன்னு வாங்கி உருக்கிரு. தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அடிக்கிற ஊராச்சே. அந்த எழுத்துல காரீயத்தோட ஆன்டிமனி கலந்திருக்கும், எழுத்து விறைப்பா இருக்கணும்னு. ஆன்டிமனி கலந்த ஈயத்தைக் கால்வனைஸ் தகட்டுலயும் பித்தளையிலயும் வைக்கக்கூடாது. அதுல இருக்கிற துத்தநாகத்தோட ஆன்டிமனி சேர்ந்தா பற்று மொறுமொறுன்னு ஆகிப்போகும், தட்டினா உதிரும். நீ கேக்குறது அதைத்தானே, தாராளமா வை.

சூடு காட்டுறதுலயும் ஒரு நேக்கு இருக்கு. சூட்டுக்கோலை ஈயத்து மேல வச்சு, உருகின ஈயத்தைச் சொட்டுச் சொட்டா உலோகத்து மேல விடு. உலோகம் பச்சைத் தண்ணியா இருக்கட்டும். ஈயம் மேல உக்காரும், உள்ள போகாது. ஒழுங்கா வேலை பாக்கிறவன் உலோகத்தைச் சூடாக்கி, அந்தச் சூட்டுல ஈயம் தானா உருகி ஓடுதான்னு பாப்பான். ரெண்டும் வேற வேற உலோகமா இருந்தா அவனுக்கு இன்னும் தலைவலி. செம்பு சூட்டைக் கடத்துற வேகம் எவர்சில்வரைவிட 20 மடங்குக்கு மேல. நடுவுல பொதுவாத் தீயைக் காட்டினா, எவர்சில்வர் கருகும், செம்பு சூட்டை அப்படியே உறிஞ்சி அடுத்த முனைக்கு அனுப்பிட்டு நிக்கும். அதனால செம்புப் பக்கம், கனமான பக்கம் தீயைச் சாச்சுப் பிடிக்கணும். இதெல்லாம் உனக்கு எதுக்கு? நடுவுலயே காட்டு.

இனி சொல்றதுதான் உன் போர்டுல எழுதின வாசகத்துக்கு நேரான விஷயம். சாதி வேற உலோகம் ரெண்டை ஒட்டணும்னா, நேரா ஒட்டவே கூடாது. கல்யாண சம்பந்தத்தோட இதை ஒப்பிட்டுப் பேச எனக்கும் ஆசைதான். ஆனா கல்யாணத்துல பொருந்தலைன்னா நாலு பேரைக் கூட்டிப் பேசிப் பாக்கலாம், பற்றுல பேச முடியாது. ஒரு கால்வனைஸ் தொட்டியில பித்தளைக் குழாய் பொருத்தணும்னு ஒருத்தன் வர்றான்னு வச்சுக்கோ. முதல்ல தொட்டிப் பக்கத்தைச் சுத்தம் பண்ணி, அதுக்கான ஆசிட் தொட்டு, மெல்லிசா ஈயம் ஏத்தி, வெந்நீர்ல கழுவு. அப்புறம் பித்தளைப் பக்கத்தை உப்புத்தாள் போட்டு, அதுக்கான பிளக்ஸ் வச்சு, அதுக்கும் மெல்லிசா ஈயம் ஏத்து, கழுவு. இப்ப ரெண்டு முகமும் ஈயம். கடுமையான மருந்து இனி வேண்டாம், ரோசின் தொட்டு, ரெண்டையும் சேத்துப் பிடிச்சு, சூடு காட்டினா ஒண்ணா ஓடிரும். நடுவுல ஒரு காகிதம் நுழையற இடைவெளி இருந்தாப் போதும், ஈயம் தானா உள்ள இழுத்துக்கும். விரல் நுழையற ஓட்டையை ஈயத்தால அடைக்கப் பாக்காதே. இப்படி ரெண்டு தடவை வேலை பாக்குறதுக்கு நேரம் ஆகும். அவசரக்காரன் ஒரே தடவையில முடிச்சுட்டு டீ குடிக்கப் போயிருவான். நீ டீ குடி.

இன்னொண்ணு. ஈயம் கசிவை அடைக்கும், எடையைத் தாங்காது. நம்ம ஊர் வெயில்ல ஒரு மீட்டர் செம்பு 50 டிகிரி சூடேறினா 0.85 மில்லிமீட்டர் நீளும், இரும்பு 0.6-தான் நீளும். ரெண்டையும் ஒட்டிவச்சா தினமும் காலையில இழுப்பு, ராத்திரி சுருக்கம். மிருதுவான ஈயம் அதுக்கு வளைஞ்சு குடுக்கும், ஆனா கூடவே வாளி நிறையத் தண்ணியையும் அது கையில குடுத்தா மெள்ள மெள்ள விட்டுக்குடுத்து ஒருநாள் கழண்டுக்கும். அதனாலதான் அந்தக் காலத்து ஆளுங்க தகட்டை மடிச்சு, ரிவெட் அடிச்சு, பாரத்தை அதுமேல ஏத்திட்டு, கடைசியா ஈயம் ஓட்டுனாங்க. ரிவெட் செலவு மிச்சம் பிடிக்கிறவனுக்கு எதிர்காலம் இருக்கு. அவன் வாடிக்கைக்காரனுக்குத்தான் கால்ல வாளி.

அலுமினியத்துக்கு வருவோம். நம்ம கரிசல்ல போர் போடாத தோட்டம் எது? கம்பத்துல இருந்து வர்றது அலுமினிய வயர், மோட்டாருக்குப் போறது செம்பு வயர். ரெண்டையும் முறுக்கு, கொஞ்சம் ஈயத்தைத் தடவு, டேப்பைச் சுத்து, காசை வாங்கு. முதல் மழை வரைக்கும் நீ ராஜா.

அலுமினியம் 660 டிகிரியில உருகும். அது மேல இருக்கிற தோல் உருக 2,072 டிகிரி வேணும். சுரண்டின கணமே அந்தத் தோல் திரும்ப வந்துரும். உன் சூட்டுக்கோலும் சாதா பேஸ்ட்டும் அதைத் தொடவே முடியாது. வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்த ஈயம், அலுமினியத்துக்குன்னே செஞ்ச பிளக்ஸ், ரெண்டும் இருந்தா ஒட்டும். வீட்டுக்குள்ள ஈரம் படாத இடத்துல அது நிக்கும். வெளியில ஈரம் பட்டா செம்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல ஒரு பேட்டரியே ஓட ஆரம்பிச்சுரும், அதுல கரையறது அலுமினியம். பற்று சூடேறும், வோல்ட்டேஜ் விழும், மோட்டார் காயில் கருகும். அதுக்கு ஈயம் வழியில்லை மாப்ள. ஒருமுனை அலுமினியமும் மறுமுனை செம்புமா ஆலையிலயே சேத்துச் செஞ்ச பைமெட்டல் லக் கடையில இருக்கு. அதை வாங்கி நசுக்கிப் பூட்டு. ‘ஒட்டித்தரப்படும்’ங்கிற வார்த்தையை அந்த இடத்துல மட்டும் சுண்ணாம்பு போட்டு மறை.

காயில் கம்பியிலயும் ஒரு பித்தலாட்டம் உண்டு. மேல செம்பு நிறம், உள்ள அலுமினியம். கத்தி நுனியால சுரண்டிப் பாரு, வெள்ளையாத் தெரிஞ்சா செம்புன்னு நம்பிப் பற்று வைக்காதே.

இந்த வம்பு நம்ம ஊரோட நிக்கலை. அமெரிக்காவுல சுதந்திர தேவி சிலைன்னு ஒண்ணு நிக்குதே, 1886-ல திறந்தது. மேல செம்புத் தகடு, உள்ள இரும்புச் சட்டம். ரெண்டும் தொடக்கூடாதுன்னு நடுவுல கல்நார் வச்சுத்தான் கட்டுனாங்க. காலப்போக்குல அது வீணாப்போய், கடற்காத்து ஈரத்துல இரும்பு அரிச்சுக்கிட்டே போச்சு. 1986-ல நூறாம் ஆண்டுக்குள்ள இரும்புப் பட்டைகளை எடுத்துட்டு எவர்சில்வர் பட்டை போட்டாங்க. ஈபிள் டவர் கட்டின ஈபிளே போட்ட சட்டத்துக்கு அந்த கதின்னா, நீ டேப் சுத்தின பற்றுக்கு என்ன கதின்னு யோசிச்சுக்கோ.

பிரிட்ஜையும் போர்டுல எழுதினியே, அதுக்கும் ஒண்ணு சொல்லிர்றேன். செம்பையும் செம்பையும் ஒட்ட பாஸ்பரஸ் கலந்த செம்பு ராடு இருக்கு. அதுக்குப் பிளக்ஸே வேண்டாம், பாஸ்பரஸே தோலை எடுத்துரும். இந்த வசதியைப் பாத்து மயங்கி, அதே ராடை கம்ப்ரசரோட இரும்புக் குழாய்லயும் வை. பளபளன்னு ஓடும். ஆனா இரும்பும் பாஸ்பரஸும் சேர்ந்தா நொறுங்குற படலம் ஒண்ணு நடுவுல உருவாகும். கம்ப்ரசர் நடுங்குற நடுக்கத்துல மெல்லிசாப் பிளந்து கேஸ் போயிரும். வந்து கேஸ் ஏத்துவான், போவான், மறுபடி வருவான். உனக்குப் பொன் முட்டையிடுற வாத்து அது. செம்போட இரும்பு சேரணும்னா வெள்ளி ராடும் அதுக்கான பிளக்ஸும்தான் சரி. பித்தளை வந்தா செம்பு ராடுக்கும் பிளக்ஸ் வேணும். வெள்ளி ராடு விலையைக் கேட்டா தலை சுத்தும். அதனாலதான் பலபேர் கேக்குறதே இல்லை.

கடைசி வழி, ரொம்பச் சுலபம். கழுவாதே. துத்தநாகக் குளோரைடு மிச்சம் பற்றைச் சுத்தி ஒட்டிக்கிட்டு இருக்கும். காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து, ராத்திரி பகல்னு பாக்காம அரிச்சுக்கிட்டே இருக்கும். எவர்சில்வர்ல குழி குழியா விழும். நீ தூங்கும்போதும் உனக்காக உழைக்கிற ஒரே கூலியாள் அதுதான். விரட்டணும்னா வெந்நீரும் பிரஷ்ஷும், பின்னாடி கொஞ்சம் சோடாத் தண்ணியும் போதும். ரோசின் மட்டும்தான் அப்படியே விட்டாலும் பெருசாத் தொந்தரவு தராது.

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். இனி சொல்றதுல கிண்டல் இல்லை.

சமையல் பாத்திரத்துல காரீயம் கலந்த ஈயத்தை வைக்காதே. புளி கரைச்ச ரசம் காரீயத்தைக் கரைச்சு எடுத்துக்கும். இந்த அளவு வரை உடம்புக்குப் பரவாயில்லைன்னு காரீயத்துக்கு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பிள்ளைங்க மூளையைத்தான் அது முதல்ல தேடும். பித்தளை அண்டாவுக்குப் பூசுறது சுத்தமான வெள்ளீயமா இருக்கணும். ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான். அதை வெறுமனே அடுப்புல வைக்காதேன்னு வீட்ல பொம்பளைங்க சொல்றதுக்குக் காரணம் அந்த 232 டிகிரி. எண்ணெய் டின்னுலயும் இதே கதைதான்; காரீய ஈயம் வச்ச உணவு டின்னை அமெரிக்கா 1995-லயே தடை பண்ணிருச்சு.

நகைக்கடை போர்டுல கே.டி.எம்.னு பாத்திருப்பே. தங்கத்துக்குப் பற்று வைக்கச் சேத்த கேட்மியம் அது. 767 டிகிரியில கொதிச்சுப் புகையாகி, வேலை பாக்கிற ஆசாரி நுரையீரலுக்குத்தான் போகும். வெள்ளி ராடு சிலதுலயும் கேட்மியம் இருக்கும், இல்லாததாக் கேட்டு வாங்கு. தங்கச் சாமான் யாராவது கொண்டாந்தா கையைக் கட்டிக்கிட்டு ஆசாரிகிட்ட அனுப்பு. காரீயம் பட்ட தங்கம் மொறுமொறுன்னு ஆகி உடையும். கால்வனைஸ் சாமானைத் தீயில காட்டினா துத்தநாகப் புகை வரும், அன்னைக்கு ராத்திரியே காய்ச்சலும் நடுக்கமும் வரும். வெட்டவெளியில வச்சு வேலை பாரு.

அப்புறம், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்து யாராவது சல்லடையோ டப்பாவோ கொண்டாந்து ‘ஓரத்துல விட்டுருச்சு, லேசா ஒரு பற்று வை’ன்னு கேட்டா, எங்க புழங்கினதுன்னு முதல்ல கேளு. பட்டாசு மருந்து அறையில இரும்பு கூட எடுக்கமாட்டாங்க, பொறி பறக்கும்னு பித்தளையும் மரமும்தான் புழங்குவாங்க. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் வலைக்கண்ல ஒட்டியிருக்கிற சாமானை உன் தீக்கு முன்னாடி கொண்டு வரவே கூடாது. கழுவிக் கொண்டாந்தேன்னு சொன்னாலும் நம்பாதே, புதுச் சல்லடை வாங்கச் சொல்லி அனுப்பு. பெட்ரோல் டேங்க்கும் அதே கதைதான். காலியா இருக்கிற டேங்க்தான் வெடிக்கும். உள்ள இருக்கிற ஆவிக்குக் கண்ணு கிடையாது.

மாப்ள, போர்டை மாத்து. ஒட்டுறது எதுன்னு எழுது, ஒட்டாதது எதுன்னு வாயால சொல்லு. சாமானைக் கையில வாங்கினதும் மூணு கேள்வி கேளு: இது என்ன உலோகம், அது என்ன உலோகம், இது வழியாப் போறது சோறா, தண்ணியா, கரண்டா, கேஸா? மூணுக்கும் பதில் தெரியிற வரைக்கும் சூட்டுக்கோலைத் தொடாதே. பதில் தெரிஞ்சா முதல்ல பிளக்ஸைத் தேடு, ஈயம் ரெண்டாவது. ஒட்டாததை ஒட்டாதுன்னு சொல்ற கடைக்கு ஆள் வேற சாமானோட வருவான். ஒட்டிட்டேன்னு பொய் சொல்ற கடைக்கு அதே சாமானோட வருவான். எந்தக் கடை வேணும்னு நீயே முடிவு பண்ணு. முதல்ல பிரஷ்ஷும் உப்புத்தாளும் ஒரு வாளியும் வாங்கு. மிச்சக் காசுக்கு ஈயம் வாங்கு.